மண் வாங்கியவன்

"மண்ணையும் காசு குடுத்தோடா வாங்கினனீ?"

சறோஜினிதேவி கேட்டது ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கட்டிக் கிடந்த வள்ளங்கள்வரை கேட்டிருக்கும்.

கைத்தொலைபேசிக்குள் தம்பி துஷ்யந்தன் சிரித்துக்கொண்டு நின்றான். சுவிஸ் மலையூர் ஒன்றில் அவனுடைய வீட்டுப் பின்வளவு. மே மாதத்திலும் தடித்த குளிர்ச்சட்டை. காலடியில் மண் மூட்டைகள், சீனி மூட்டை அடுக்கியதுபோல.

இந்த வருடம்தான் தோட்டம் தொடங்கியிருக்கிறான்.

இந்தத் தீவுகளில் பிறந்து, கல்லுக்குள் கிணறு வெட்டுகிறவன் தீவான். தெற்கே ஊர் ஊராகக் கடை போட்டவன் தீவான். அப்பேர்ப்பட்டவன் கடைசியில் மண்ணை வாங்குவதா? அதுவும் விலை பேசாமல்?

கடைக் கதிரையில் அம்புறோஸ் இருந்தார். கடற்தொழில்காரர். மகனுக்கு வள்ள இயந்திரச் சாமான் கடை போட்டுக்கொடுக்க இந்தக் கடையை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். முன்பும் வந்தவர்தான். முன்பு சொன்ன பதிலையே அவள் இன்றும் சொல்லி முடித்திருந்தாள். அடுத்த சித்திரைக்குத் தம்பி ஒரேயடியாக வந்துவிடுவான், கடை அவனுக்கு.

அப்பா கண்ணை மூடிய நாள்முதல் அவனுக்காகத்தான் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். முழங்கால் இரண்டும் எப்போதோ கடையைக் கைவிட்டுவிட்டன. அவள்தான் விடவில்லை.

குளிர்த் தோட்டம் அவளுக்குத் தெரியாததா என்ன? அப்பா மலைநாட்டு வெலிமடையில் கடை வைத்திருந்த காலத்தில், லீக்ஸ் சாக்குக்கும் கரட் சாக்குக்கும் நடுவே தவழ்ந்தவள். அங்கே ஒருவரும் லீக்ஸுக்குப் போர்வை போர்த்தி அவள் கண்டதில்லை.

இவன் சலாதுப் பாத்திக்குப் போர்த்தியிருந்தான். இரவில் உறைபனி விழுமாம்.

கத்தரிக் கன்றுகள் இன்னும் வீட்டுக்குள், யன்னலோரச் சட்டிகளில், மாப்பிள்ளைகள் மாதிரி. வெளியே நடக்கூடாதாம். மே நடுவில் சில புனிதர்களின் திருநாட்கள் வருகின்றனவாம். பனிப் புனிதர்கள் என்று பெயராம். அவர்கள் கடந்து போனபிறகுதான் கன்று நிலத்தில் இறங்கலாம் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சொன்னாளாம்.

இங்கே வைகாசிக் காண்டாவன வெயில் கூரைத் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது.

"நயினாதீவு அம்மாளின்ரை வாசலிலை காது குத்தின உனக்கு, கத்தரிக்கண்டு நட வேதக்காரப் புனிதரின்ரை உத்தரவு வேணுமோ?"

அம்புறோஸ் தொண்டையைச் செருமினார். "எங்கடை புனிதரிலை பிழை சொல்லாதையும் தங்கச்சி. மீன் பகுதி மட்டும்தான் அவையின்ரை கையிலை எண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி அடுத்த கூத்தைத் தொடங்கியிருந்தான். இலையைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்கி, வாளியில் போட்டு, காட்டோரத்தில் கொண்டுபோய் விடுகிறானாம். கொல்ல மனம் வரவில்லையாம்.

"நீ வீட்டை வர முந்தி அதுகள் வந்து சேர்ந்திடும்" என்றாள்.

திட்டத் திட்ட அவன் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு ஏறியது. போகட்டும், ஒரு போகம்தானே, வருகிற வருடம் இந்தக் கோமாளித்தனம் எல்லாம் முடிந்துவிடும் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

இனி இருந்து பயனில்லை என்று அம்புறோஸ் எழுந்து இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தார்.

"கடைசியா ஒண்டு, அக்கா." தம்பி தொலைபேசியை நிலத்துக்குத் திருப்பினான்.

வாய்க்கால்போல நீளமாக ஒரு கான் வெட்டியிருந்தான். அதற்குள் வேர்க்கட்டைகள், கணவாய் கால் பரப்பிக் கிடப்பதுபோல். அஸ்பரகஸாம், எங்கள் சாத்தாவாரியின் இனமாம். முளைக்கிற தண்டை வெட்டி அவித்து, வெண்ணெய் பூசித் தின்பார்களாம்.

"மூண்டாம் வருசம்தான் முதல் வெட்டு. பிறகு இருபது வருசத்துக்குக் கவலையில்லை."

சொல்லி முடிந்தபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. படம் ஆடி, அவனுடைய சேறு படிந்த சப்பாத்தில் போய் நின்றது.

திட்டத் திறந்த வாய் அவளுக்குத் திறந்தபடி இருந்தது. கோபம் முழுவதும் அங்கேதான் நின்றது.

பிறகு, மொத்த வியாபாரியிடம் கடைசி விலை கேட்கிறவளின் குரலில் கேட்டாள்.

"ஒரு வருசத்திலை வெட்டுற இனம் ஒண்டும் இல்லையோ, தம்பி?"

வாசல்வரை போயிருந்த அம்புறோஸ் திரும்பி வந்து, சத்தம் கேளாமல் கதிரையில் இருந்தார்.