அசைவச் செடி

சனிக்கிழமை காலை பத்து மணி, கோயில் அலுவலக அறை. தலைவர் இராஜமாணிக்கம் சன்னலோரம், அவரைத் தவிர வேறு யாரும் உட்காராத சுழல் நாற்காலியில். செயலாளர் குணாளன் அவருக்கு வலப்பக்கம், கடிதத்தாளும் அடிமட்டமுமாக. மகளிர் பகுதித் தலைவி செல்லம் எதிரே, காற்றாடிக்கு நேர் கீழே. பொருளாளர் திருச்செல்வம் கதவோரம், பாதித் தூக்கத்தில்.

குற்றவாளி மேசை நடுவில், எவர்சில்வர் தட்டில் கிடந்தது. கழுத்து வெட்டப்பட்டிருந்தது.

"வாயப் பொளந்துக்கிட்டு கெடக்குறதப் பாருங்க" என்றார் செல்லம். "பாக்கவே கொல நடுங்குது."

கிடந்தது ஒரு செடியின் குடுவை. மலாய் மொழியில் பெரியோக் கெரா. இலை நுனியில் ஜாடிபோலத் தொங்கும்; உள்ளே விழுகிற ஈ, எறும்பைக் கரைத்துக் குடித்து வாழும். அதை வளர்த்த லோகேஸ்வரிக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டிருந்தார்.

செண்டாயான் பக்கம் கோயிலைச் சுற்றியிருந்த எஸ்டேட் கைமாறியபோது மிஞ்சியது கோயிலும் அதன் நான்கு வீடுகளும்தான். ஒன்றில் லோகேஸ்வரி வாடகைக்கு இருந்தார். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, மிச்ச நேரமெல்லாம் செடி. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றியே முப்பத்தாறு தொட்டி சேர்த்துவிட்டார். இடம் போதாமல் ஐந்தை மட்டும் கோயில் வேலியில், அலுவலகச் சன்னலுக்கு வெளியே மாட்டியிருந்தார்.

"தீமிதிக்கு இன்னும் ஒம்போது நாளும்மா!" தலைவர் மஞ்சள் காப்புக் கட்டிய கையை உயர்த்தினார். "நான் காப்பு கட்டி முப்பத்தொம்போது நாளாச்சு. எங்க வீட்டுல முட்ட ஒடைக்கிற சத்தம் கேட்டிருக்குமா? இங்க என்னடான்னா கோயில் வேலியில அசைவச் செடி!"

சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தார். வாயில் அகப்பட்ட மிளகாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சன்னல் வழியே வெளியே எறிந்தார்.

"ஈயத்தானே தின்னுது தலைவரே?" என்றார் லோகேஸ்வரி. " இந்த வருஷம் அன்னதானத்துல ஈத் தொல்லையே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஈயும் ஒரு உயிருதானே?"

"அப்ப நீங்க கொளுத்துற கொசுவத்தி?"

"அது வேற டிபார்ட்மெண்ட்லா" என்றார் திருச்செல்வம், கண்ணைத் திறக்காமலே.

செல்லம் தட்டை விரலால் சுண்டினார். "ஈயோட நின்னிருந்தா நாங்க ஏன் கூட்டம் போடுறோம்? காலையில கோலம் போட வந்தேன். இது மட்டும் கனமா தொங்குச்சு. வெட்டிக் கவுத்தேன். உள்ள கோழி எலும்பு!"

குடுவைக்குப் பக்கத்தில் அதுவும் கிடந்தது.

"கோழியவே முழுங்கியிருக்கு" என்றார் தலைவர். "நாளைக்கு ஆடு. அடுத்த நாளு பொருளாளரு."

திருச்செல்வம் கண்ணைத் திறந்தார்.

"இந்த ஜாடி வாய் தொறந்தே பத்து நாள்தான் ஆவுது" என்றார் லோகேஸ்வரி. "என் மூணு வெரலு உள்ள போவாது. கோழி எப்படிங்க போவும்?"

"அத உன் செடிகிட்டதான் கேக்கணும்."

தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஏழு நாளில் முப்பத்தாறு தொட்டியும் போக வேண்டும். இல்லையென்றால் லோகேஸ்வரி போக வேண்டும்.

"நான் போனா அடுக்குமாடிக்குத்தான் போவணும். அங்க வெயிலும் கெடையாது, மழத்தண்ணியும் கெடையாது. ஒரு மாசத்துல அத்தனையும் செத்துரும் தலைவரே."

"சாவட்டும்மா. மல்லிகை வளத்துக்க. அது சைவம்."

சிரம்பானில் இருக்கும் வட்டார ஆலய ஒன்றியத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்குவது முறை. குணாளன் பஹாவ் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே கடிதம் எழுதிப் பரிசு வாங்கியவர். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனார்.

"எலும்ப விட்டுறாதீங்க குணா" என்றார் தலைவர். " ஒண்ணு விடாம எழுதுங்க. அதுதான் சாட்சி."

குணாளன் எலும்பை அடிமட்டத்தால் அளந்தார். திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். எழுதி முடித்தார்.

தலைவர் படிக்கவில்லை, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். குணாளன் முத்திரை குத்தினார்.

"என்னப் பத்தின கடிதம், ஒரு தடவ பாத்துக்கலாமா?" என்று கேட்டார் லோகேஸ்வரி.

"தாராளமா பாரு" என்றார் தலைவர். " உண்மைதானே எழுதியிருக்கோம்."

முதல் மூன்று பத்திகளைப் படிக்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான்காவதில் நின்றுவிட்டார்.

'கண்டெடுத்த இடம்: தலைவரின் நாற்காலிக்குப் பின்புறம், சன்னலுக்கு வெளியே நேர் கீழே, வேலியில் தொங்கிய குடுவைக்குள். கண்டெடுத்த பொருள்: கோழிக்கால் எலும்பு ஒன்று. நீளம் இரண்டே கால் அங்குலம். இரு முனைகளும் நன்றாக மெல்லப்பட்டு, உள்ளிருந்த மஜ்ஜை உறிஞ்சப்பட்டிருக்கிறது.'

அந்தப் பத்தியை மறுபடியும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டார். பசையைத் தானே தடவி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"போஸ்டாபீஸ் நான் வேலைக்குப் போற வழியிலதான் இருக்கு. நானே போட்டுடறேன்."

தலைவருக்கே மனம் இளகிவிட்டது. வாசல்வரை வந்தார். "எம்மேல கோவம் ஒண்ணும் இல்லையேம்மா?"

லோகேஸ்வரி உறையை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தார். தலைக்கவசத்தை மாட்டி வண்டியைக் கிளப்பினார்.

"செடிக்குப் பல்லு இல்லீங்க, தலைவரே."