சாய்ந்து நிற்கும் மரங்கள்

“அதத் திருப்பி வைங்க. சுவரப் பாக்குற மாதிரி வைங்க!”

சொல்லிக்கொண்டே புஷ்பம் கதிரையை விட்டு எழுந்து பின்னால் நகர்ந்தாள். முதுகு மண்டபத்தின் கதவில் இடித்த பிறகுதான் நின்றாள்.

மேடையில் இருந்தது வெறும் ஓவியம். மூடுபனி இறங்கும் தேயிலை மலை. அதன் சரிவில் வரிசையாக மரங்கள்.

கண்டியில் அன்று மாலை ஏலத்துக்கு வந்திருந்த படங்களில் அதுதான் பெரியது. யாழ்ப்பாணத்து ஓவியன் சுஜந்தன் அதை இலவசமாகக் கொடுத்திருந்தான். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கு ஒரு வரிசை வீடுகள் முடிந்துவிட்டன. அடுத்த வரிசையின் கூரைக்கு இந்தப் படங்கள் விற்கும் காசுதான். முடிந்த வீடுகளில் முதல் சாவி புஷ்பத்துக்கு.

ஏற்பாட்டுக் குழுவின் யசோதினி ஓடி வந்தாள். “என்னக்கா, ஏன் இப்பிடி நடுங்குறீங்க?”

“எங்க மலைங்க அது.”

மண்டபத்தில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்வில பக்கம், புஷ்பம் குடியிருந்த லய வீட்டு வரிசைக்கு மேலே நின்ற மலை போன வருட மழையில் இறங்கியதும், அவளுடைய அக்கா குடும்பத்தை மூடியதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“எல்லா மலையும் ஒரே மாதிரித்தானே இருக்கும்? எப்பிடிக்கா சொல்றீங்க?”

“மரத்தப் பாருங்க.” புஷ்பம் படத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள். “எல்லாம் ஒரே பக்கமா, கீழ பாத்துச் சாஞ்சு நிக்குதுல்ல? விழுறதுக்கு முந்தி அப்பிடித்தான் நின்னுச்சு. அக்காதான் மொதல்ல பாத்துட்டுச் சொன்னா. காத்துல சாஞ்சிருக்கும்னு எல்லாரும் சிரிச்சோம்.”

யசோதினி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் படத்தைப் பிரித்தபோது, “என்னண்ணா, மரமெல்லாம் சாராயம் போட்ட மாதிரி நிக்குது?” என்று அவளும் சுஜந்தனைக் கேலி செய்திருந்தாள். “அதுகள் நிண்டபடிதான் கீறினன்” என்று அவனும் சிரித்திருந்தான்.

புஷ்பத்தின் கையில் இருந்த போன் அடித்தது. கணவன் கணேஸ். மேடையில் கொடுக்கும் சாவி போட்டோவுக்குத்தான் என்பதால், சாமான்களையும் மகள் நிலூஷாவையும் அவன் காலையிலேயே, இதுவரை தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து புது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

“புள்ள, குசினி அடுப்புல பால் பொங்கிருச்சு! நல்லாப் பொங்கிருச்சு! இங்க சரியான மழை. கதவுதான் சாத்த மாட்டேங்குது. காலையில நல்லா இருந்துச்சு, இப்ப இறுகிப்போச்சு. புதுப் பலகைல்ல, ஈரத்துக்கு ஊதிருச்சு போல.”

“நா அங்க வரல. இனி எந்த மலைக்கடியிலயும் படுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கே போயிருவோம்.”

“பள்ளிக்கூடத்தப் பிள்ளைங்களுக்குத் தொறக்கப் போறாங்க. பாயச் சுருட்டிக்கிட்டு எங்க போறது? நல்ல எடம்னு பாத்துத்தானே கட்டியிருக்காங்க. நிலூஷா வேற தூங்கிட்டா. புது வீட்ல மொதத் தூக்கம், எழுப்பவா சொல்ற?”

புஷ்பம் போனை வைத்தாள். அந்த வீட்டை அவள் ஒரே ஒரு தடவை, மூடுபனிக்குள், ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி. யசோதினி அதுவும் இல்லை; காசு சேர்க்கும் அலைச்சலில் அந்தப் பக்கமே போகக் கிடைக்கவில்லை.

சுஜந்தன் வந்து சற்றுத் தள்ளி நின்றான். கூரையில் மழை தொடங்கியிருந்தது.

“மன்னியுங்கோ அக்கா. உங்களைப் பயப்படுத்த எண்டு கீறேல்லை. படத்தை எடுத்திடுறன்.”

புஷ்பம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் அளவுக்கு அவனும் பயந்துபோயிருந்தான். பின்வாங்கிய பிறகு முதல் தடவையாக அவள் படத்தின் பக்கம் திரும்பினாள்.

“வேணாம் தம்பி. இருக்கட்டும்.”

ஒவ்வோர் அடியாக வைத்து மேடைக்குப் போனாள். சாய்ந்த மரங்களுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். இறந்தவர் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அது விழுந்து முடிஞ்ச மல. இனி என்ன செஞ்சிரும்?”

தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். மழை அதைவிடச் சத்தமாகப் பெய்தது.

கீழே இறங்கியவள் சுஜந்தன் முன்னால் நின்றாள். இப்போது லேசாகச் சிரிக்கவும் முடிந்தது.

“அது விழுறதுக்கு முந்தி எப்ப தம்பி எங்க பக்கம் வந்தீங்க? வந்த ஆளு லயத்துக்குள்ள ஒரு எட்டு வந்திருந்தா, ஒரு வாய் தேத்தண்ணி குடுத்திருப்போம்ல?”

சுஜந்தன் விளங்காமல் யசோதினியைப் பார்த்தான். பிறகு புஷ்பத்தைப் பார்த்தான்.

“உங்கட பழைய மலையை நான் காணவே இல்லை அக்கா. இது போன கிழமை, உங்கட புது வீட்டுக் குசினி யன்னலால பாத்துக் கீறினது.”