புது விதி

ஒப்பனை அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் தையல்காரி பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போட்டி முடியும்வரை பெற்றோர் யாரும் அரங்கத்துக்குள் வரக் கூடாதாம், இந்த வருடம் புது விதியாம். நடன ஆசிரியை காலையில் இதைச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

மகளின் பாவாடைக்கு அறுபது மடிப்பு வைத்துத் தைத்தவள் அவள். விடியற்காலையில் எழுப்பி ஆடவைத்து, ஒவ்வொரு அடியையும் மகளோடு சேர்ந்து மனப்பாடம் செய்தவளும் அவள்தான். சமைத்தவளையே பந்தியில் உட்காராதே என்றால் எப்படி இருக்கும்?

போன போட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து, விரலால் தாளம் காட்டி, "சிரி, சிரி" என்று வாயசைத்துக்கொண்டே இருந்தாள். அப்படியும் மகள் அவளைப் பார்த்தபடியே பாதியில் அடியைத் தவறவிட்டு நின்றாள். நான் இருக்கும்போதே இந்த லட்சணம், இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

நடைபாதையில் வேறு பெற்றோர் ஒருவரையும் காணோம். பிள்ளையை மேடையில் விட்டுவிட்டுக் கடை கண்ணிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது.

இரண்டு முறை எழுந்து கதவருகே போனாள். இரண்டு முறையும் அங்கே நின்ற பணியாள், மிஸ் சொல்லியிருக்காங்கம்மா என்று தயங்கித் தயங்கி வழிமறித்தார்.

உள்ளே மகளின் பாட்டு ஆரம்பித்தது. சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு அடிகளை எண்ணினாள். எங்கே சுற்றுகிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, கழுத்தில் பதக்கத்தோடு மகள் வந்தாள். முதல் பரிசு. ஓர் அடிகூடப் பிசகவில்லை என்று நடுவரே பாராட்டினாராம்.

தையல்காரி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் சந்தோஷத்தை முந்திக்கொண்டு ஆற்றாமைதான் பொங்கியது. பத்து மாதம் சுமந்தவளுக்கு அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே.

"எந்த ஊர் நியாயம்டி இது? இதை நான் சும்மா விடமாட்டேன். இப்பவே நிர்வாகிகிட்ட போய்க் கேக்குறேன்."

விறுவிறுவென்று நடந்தவளின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள் மகள்.

அதற்குள் அரங்கத்தின் பெரிய கதவு திறந்தது. கையில் பூங்கொத்தும் கைபேசியுமாக, அம்மாக்களும் அப்பாக்களும் பேசிச் சிரித்தபடி கூட்டமாக வெளியே வந்தார்கள். தையல்காரி அவர்களையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த விதி உனக்கு மட்டும்தாம்மா, நான்தான் மிஸ்ஸைச் சொல்லச் சொன்னேன்."