முகம் இல்லாத படம்

மனைவியை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மதியம். தான் வரைந்த அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "முகம் வேண்டாம், இப்படியே இருக்கட்டும். நீங்க கிளம்புங்க" என்றாள். லேத் பட்டறையிலிருந்து அவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அந்தப் படம் கலைக்கூடத்துச் சுவரில். நாற்காலியில் ஓர் ஆண். உடம்பு நாலே கோடு. மடியில் மண்வெட்டி மாதிரி இரண்டு கைகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"கையைப் பாருங்க" என்றார் சுற்றிக் காட்டுகிறவர். "இது அணைக்கிற கையா? அடிக்கிற கை. முகமே கிடையாது. ஈவிரக்கம் இல்லாத ஆளுன்னு அர்த்தம். அந்த அம்மா காலமெல்லாம் பயந்தே வாழ்ந்திருக்காங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. "எந்தப் பாவியோ!" என்றாள் ஒரு பெண்மணி.

பாவி கடைசி வரிசையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மகள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள்.

கூட்டம் நகர்ந்ததும் கேட்டாள். "அப்பா, அம்மாவை அடிச்சிருக்கீங்களா?"

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார்.

"அவளுக்குப் பார்வை போயிடுச்சும்மா. நீ அப்ப பிள்ளைத்தாச்சி, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. அப்புறம் சொல்ல எனக்கும் வாய் வரலை. ஒரு கையால என்னைத் தடவித் தடவிப் பார்த்து, இன்னொரு கையால வரைஞ்சா. பாதி நேரம் என் கையைத்தான் பிடிச்சிட்டிருந்தா. பெரிசாகாம என்ன செய்யும்?"

"முகம்?"

"தொட விடலை. விரல் கிட்ட வந்தா திரும்பிப்பேன்."

"ஏம்பா?"

"வெறும் கண் கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தா. தலைக்குள்ள கட்டி, நாள் எண்ண வேண்டியதுதான்னு டாக்டர் என்கிட்ட மட்டும்தான் சொன்னார். கன்னம் ஈரமா இருந்தா கண்டுபிடிச்சிட மாட்டாளா? நல்லவேளை, கடைசிவரை தெரியாமலே போயிட்டா."

மகள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் படத்தின் அருகே போனாள். வெகுநேரம் நின்றாள்.

"அப்பா, இங்க வாங்க."

அந்த வெள்ளையில், கண்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழே, கிட்டே போனால் மட்டும் தெரிகிற இரண்டு கோடுகள். அதே வெள்ளை வண்ணத்தில், விரலால் இழுத்தவை.