மாமா இடுப்புக்கு ஒரு ஷாக்கப்சர்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

"காச பாக்காதப்பா. பின்சீட்ல குந்துனா தொட்டில்ல போட்டா மாதிரி இருக்கணும்," என்றான் பரந்தாமன்.

கள்ளிக்குப்பம் மெக்கானிக் இளங்கோ காரின் பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கி விட்டான். அது தவளை மாதிரி குதித்துக் குதித்துத்தான் நின்றது.

"ரெண்டு ஷாக்கப்சரும் பூட்ச்சு அண்ணாத்தே. கேஸ் ஷாக்கப்சர் போட்டா வெறப்பா நிக்கும், ஸ்பீடா போலாம். ஆயில் போட்டா மெத்துமெத்துன்னு போவும். வண்டில யாரு வரப் போறா?"

"எங்க அக்கா ஊட்டுக்காரரு. இடுப்பு புடிச்சிகினு கீது அவருக்கு."

"அப்ப ஆயில்தான். மாமா மேல இம்மாம் பாசமா!"

பாசம்தான், பின்னே? குத்தம்பாக்கத்திலிருந்து ஆடிக் கூழ் குடிக்க வந்த டில்லிபாபு மாமா, பொங்கல் கரும்பையும் இங்கேயே கடித்து முடித்திருந்தார். ஊருக்குக் கிளம்பலாமா என்று கேட்டால், "உன் வண்டி தூக்கித் தூக்கிப் போடுது மச்சான், இடுப்பு தாங்காது" என்பார். அக்காவைக் கட்டியவரைப் போங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பரந்தாமனின் மனைவி சித்ராவோ கெடு வைத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி அந்த மனுசனுக்கு வஞ்சிர மீன் வறுக்கச் சொன்னே, எங்க அம்மா ஊட்டுக்குப் பூடுவேன் பாத்துக்க!"

அன்னம்மாள் அக்கா மட்டும் தங்கம். தினமும் போன் போட்டு, "அவசரமே இல்லடா தம்பி, இடுப்பு நல்லா ஆறட்டும்" என்பாள்.

புது ஷாக்கப்சர் ஏறியதும் மாமாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, திருமுல்லைவாயில் பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் தேடித் தேடி வண்டியை இறக்கினான் பரந்தாமன். ஒரு 'ஆ' வந்தாலும் போச்சு; சித்ரா மூட்டை கட்டிவிடுவாள்.

'ஆ' வரவில்லை. குறட்டைதான் வந்தது.

மாமாவின் பெட்டியும் தலையணையும் காலையிலேயே டிக்கியில் ஏறியாகிவிட்டன. பரந்தாமன் வண்டியை ஓரம் கட்டி, பூரிப்போடு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா! மாமாவ இட்டுகினு நேரா அங்கதான் வந்துகினு கீறேன். ஷாக்கப்சரு புச்சு, கொஞ்சம்கூடக் குலுக்கல. மன்ஷன் கொழந்தையாட்டம் தூங்குறாரு!"

அக்கா கெஞ்சலாகக் கேட்டாள்.

"பழைய ஷாக்கப்சர தூக்கிப் போட்டுடலியே? திருப்பி அதையே மாட்டிருடா தம்பி!"

உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்து சிரித்துக்கொண்டே வரட்டும், பாய் தேய்வதற்குள் சிரித்துக்கொண்டே கிளம்பட்டும். நன்றாக இருங்கள்.