201-ஆம் வரிக்குக் கீழே

இரண்டு திரைகளிலும் ஒரே எண் வந்திருக்க வேண்டும்.

பழைய கணினியில் அவள் எழுதிய எக்செல் மேக்ரோ என்ற குறுநிரல், பட்டியலின் உச்சியில் 187 என்று காட்டியது. அதே மேக்ரோவை எக்செல் இல்லாமலே ஓடும் தனி நிரலாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார் மென்பொருள்காரர். அவருடைய மடிக்கணினி 212 என்றது.

கண் மருத்துவமனையின் பதிவுப் பிரிவு அது. தானமாக வரும் கருவிழி அடுத்து யாருக்கு என்று சொல்வது அந்தப் பட்டியல்தான். இன்று காலை ஒன்று வந்திருந்தது. பதினொரு மணிக்குள் அறுவை அரங்குக்கு எண் போயாக வேண்டும். இப்போது மணி பத்து.

"உங்க புரோகிராம்லதான் ஏதோ தப்பு" என்றாள்.

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. எட்டு வருடத்தில் அந்த மேக்ரோ ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. அதற்கு முன்பெல்லாம் டாக்டருக்கு வேண்டியவர், நிர்வாகிக்கு வேண்டியவர் என்று நடுவில் ஆள் புகுந்துகொண்டே இருந்தார்கள். பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, பகல் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் செலவழித்து அவளே படித்து அவளே எழுதினாள். பெயர்களை அடியோடு தூக்கிவிட்டாள். பதிவு எண் மட்டும். பார்வை மங்க மங்க மதிப்பெண் ஏறும், காத்திருக்கும் நாள் கூடினாலும் ஏறும். பொத்தானை அழுத்தினால் மேலே வருபவருக்குக் கண். எந்தக் கொம்பனும் உள்ளே கைவைக்க முடியாது.

‘மேக்ரோ மேடம்’ என்று அலுவலகத்தில் பட்டப்பெயர். கிண்டல்தான் என்றாலும் அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

மென்பொருள்காரர் வாதாடவில்லை. நல்ல மனிதர், தன் நிரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். கால் மணி நேரம் அதை மேலிருந்து கீழாக அலசினார். பிறகு நாற்காலியைப் பழைய கணினியின் பக்கம் இழுத்துப்போட்டு அவளுடைய மேக்ரோவைத் திறந்தார்.

ஒரு வரியில் வந்து நின்றார். விரலை அங்கே வைத்தார்.

மதிப்பெண்படி அடுக்கச் சொல்லும் கட்டளை அது. எங்கிருந்து எங்கு வரை என்ற இடத்தில் A2 முதல் H201 வரை என்று எழுதியிருந்தது.

அதாவது தலைப்பு வரி போக இருநூறு பேர். அவள் அதை எழுதியபோது பட்டியலில் இருந்ததே முப்பத்தெட்டுப் பேர்தான். இருநூறு தாராளம் என்று நினைத்துப் போட்ட கணக்கு. பிறகு அந்த வரியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குக் கீழே சேர்ந்தவர்கள் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். கண் கிடைத்தவர்களையும் அழிக்காமல் பூஜ்ஜியம் போட்டு வைப்பது அவள் வழக்கம், நாளைக்கு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டுமே என்று. அதனால் மேலே ஒரு வரியும் காலியாகவில்லை. டாக்டருக்குப் போவதோ முதல் பக்கம் மட்டும்.

"இருநூறு எப்போ தாண்டுச்சு மேடம்?"

"மூணு வருஷம் ஆச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. நாற்காலியைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

மூன்று வருடத்தில் அறுபத்து மூன்று பேர். ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒருவரும் வந்து சண்டை போடவும் இல்லை. இந்த மருத்துவமனையில் வரிசை நேர்மையானது என்று ஊரே சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டார்கள்.

212-க்கு நேரே பார்த்தாள். பதிந்த அன்று பார்வைக்கான மதிப்பெண் நூற்றுக்கு நாற்பது. போன மாதச் சோதனையில் தொண்ணூற்றாறு. காத்திருந்தே இருட்டுக்குள் போய்விட்ட யாரோ ஒருவர்.

"212-ஐக் கூப்பிடுங்க" என்றாள்.

பெயரும் தொலைபேசி எண்ணும் இதுவரை வாசல் கவுண்டரின் பதிவேட்டில் மட்டுமே இருந்தன. புது நிரல் அதிலிருந்து தொலைபேசி எண்ணை மட்டும் இங்கே காட்டும், பெயர் டாக்டருக்குத்தான் தெரியும். மென்பொருள்காரர் தன் திரையைப் பார்த்து மேசைத் தொலைபேசியில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"ரிங் போகுது மேடம்."

அவளுடைய கைப்பைக்குள் கைபேசி அடித்தது.

அவர் கைப்பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ரிசீவரை வைக்க அவருக்குத் தோன்றவில்லை, எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அக்கா தனியாகத்தான் வந்து கவுண்டரில் பதிந்தாள். தன் கைபேசியில் யார் கூப்பிடுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது என்று தங்கையின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். மாதா மாதம் கேட்பாள், என் முறை வந்துச்சாடி என்று. கூடப்பிறந்தவளின் பதிவு எண்ணைத் தெரிந்துகொள்வதே தப்பு என்று இவள் ஒருமுறைகூட விசாரிக்காமல், முறை வந்தா அவங்களே கூப்பிடுவாங்கக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதச் சோதனைக்குப் பிறகு அக்கா கேட்பதில்லை.