கப்பித்தான் மண்டியிட்டது

தேவாலய வாசலில் எருமைக்கடா கப்பித்தான் முன்னங்கால் இரண்டையும் மடக்கி மண்டியிட்டதும், டெலியோ தன் ஓலைத்தொப்பியை வானத்தில் எறிந்தார். அது யார் தலையில் விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

பின்னே? உழவர்களின் புனிதர் சான் இசித்ரோ திருவிழாவில் ஊரிலுள்ள எருமைக்கடா எல்லாம் கொம்பில் பூச்சுற்றிக்கொண்டு வந்து மண்டியிடும். அவருடைய கப்பித்தான் மட்டும் வருஷாவருஷம் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கும். "கடாவுக்கும் உனக்கும் ஒரே திமிரு மச்சான்" என்று மைத்துனன் பெனோங் அடுத்த திருவிழா வரை சொல்லிச் சிரிப்பான்.

இந்த வருஷம் புதுப் பாதிரியார். வெள்ளை அங்கி சரசரக்கப் படியிறங்கி வந்து, தீர்த்தம் தெளிக்கும் வெள்ளிக் கோலை உயர்த்தினார். நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததுதான் தாமதம், கப்பித்தான் கண்ணை இறுக மூடிப் பொத்தென்று மண்டியிட்டுவிட்டது.

"இது எருமை இல்லப்பா, ஞானி!" என்று பாதிரியார் கண் கலங்கினார். டெலியோவின் மனைவி செனியா கடாவின் நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டாள். புருஷனுக்கு அப்படி ஒன்று கிடைத்து எத்தனை காலமோ!

பெனோங்குக்குத்தான் பொறுக்கவில்லை. "மச்சான், உடம்பு நடுங்குது பாரு. தொண்டை அடைப்பான் வந்தாலும் இப்படித்தான் விழும். ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு போயிருச்சு."

டெலியோவின் முகம் செத்துப்போனது. கடா போனால் இந்த வருஷம் நடவே இல்லை. "அதான் தடுப்பூசி போட்டாச்சேடா!"

"கிழிச்சாங்க! நாலு பேரை இழுத்துக்கிட்டு ஓடுச்சு. காலை மடக்கி உக்கார வச்சுல்ல குத்துனாங்க. மருந்து உள்ள போச்சோ, வெளிய போச்சோ!"

செனியா ஓடினாள். சந்தையில் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த கால்நடை டாக்டர் மரிவிக்கை, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு இழுத்து வந்தாள்.

அதற்குள் எழுந்து நின்றிருந்த கப்பித்தான், டாக்டர் பக்கத்தில் வந்ததும் மறுபடியும் பொத்தென்று விழுந்தது.

"போச்சு! என் ராசா போச்சு!" டெலியோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

டாக்டர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. "அழாதீங்க. நான் போட்ட ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. கல்லுக்குண்டு மாதிரி இருக்கு உங்க கடா."

"அப்புறம் ஏன் விழுது?" என்றான் பெனோங், விடாமல்.

"இன்னுமா புரியல? பக்தி!" பாதிரியார் வெள்ளிக் கோலை மறுபடி உயர்த்தினார். கப்பித்தான் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டது.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க ஃபாதர், உங்களை அது நான்னு நெனச்சிருச்சு!"